ஒரு மாத்திரைகூட இல்ல

அத மட்டும் கேக்காதீங்க சார். ஊரு கேளுங்க, பேரு கேளுங்க, சம்பளம் எம்புட்டுன்னுகூடக் கேளுங்க, எல்லாம் சொல்றேன். "இந்த வயசுல உடம்ப எப்படி இப்படிச் சிக்குன்னு வச்சிருக்கீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. மாட்டுத்தாவணியில பஸ்ஸு இன்னும் கெளம்பக்கூட இல்ல, அதுக்குள்ள அதையே கேட்டுட்டீங்க பாருங்க.

கோவமெல்லாம் இல்ல சார், உக்காருங்க. நீங்க நல்ல மனசோடதான் கேட்டீங்க. நீங்களும் கொஞ்சம் பூசுனாப்புல இருக்கீங்க, வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க, கேக்கத் தோணும். நீங்க எதுவரைக்கும்? தென்காசியா. சொந்த ஊரு? சேலமா, நல்லது. ராஜபாளையத்துல சொந்தக்காரங்க, சிநேகிதங்க யாரும் இல்லையே? ரொம்ப நல்லது. அப்பச் சொல்லலாம். யாருகிட்டயாவது சொல்லலேன்னா நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லலாம்னா வாய் வரமாட்டேங்குது.

என் பேரு சுந்தரமகாலிங்கம். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல இருக்கேன். முப்பத்தோரு வருசம். எவன் வந்தான், எவன் வரல, எவன் லேட்டு, இதான் என் பொழப்பு. போன வருசம் இந்நேரம் நான் இந்த சீட்டுல உக்காந்திருந்தா நீங்க நின்னுக்கிட்டுத்தான் வந்திருக்கணும். எண்பத்தொம்பது கிலோ. மில்லுல எனக்குப் பட்டப்பேரே 'பேலு'. பஞ்ச அமுக்கிக் கட்டி வரும்ல பெரிய மூட்டை, அதத்தான் பேலும்பாங்க. "பேலு வருது, வழி விடு"ம்பானுக. நானும் சிரிச்சுக்குவேன். சிரிக்காம என்ன செய்ய.

ஆடி மாசம் ஆரம்பிச்சுச்சு. பேண்ட்டு இடுப்புல நிக்கல. பெல்ட்டுல ஆணிய வச்சு ஒரு ஓட்ட போட்டேன், பத்து நாள்ல இன்னொரு ஓட்ட. எனக்கு ஒரே சந்தோசம். தண்ணியா குடிக்கேன், அடிக்கடி ஒண்ணுக்குப் போறேன், நடந்தா கெறக்கமா வருது, ஆனா சந்தோசம். வடிவு, என் வீட்டுக்காரி, அவதான் "இது நல்லதுக்கில்ல, டாக்டரப் பாப்போம்"னு சொன்னா. நான்தான் நம்மூர்ல வேணாம், ஆளு பாக்கும்னு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். ரத்தம் எடுத்தாங்க. சுகரு நானூத்திப் பத்து. டாக்டரம்மா என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "நடந்தா வந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. காலைல ரெண்டு மாத்திரை, ராத்திரி ரெண்டு. ஆயுசுக்கும் போடணும்னுட்டாங்க.

இதுல வெக்கப்பட என்ன இருக்குங்கறீங்க. தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கு. ஆனா அப்பத்தான் சார் என் மக கீர்த்தனா ஜாதகத்த வெளிய எடுத்திருந்தோம். இப்பல்லாம் நட்சத்திரம் கேக்குறதுக்கு முன்னாடி "வீட்டுல யாருக்கும் சுகர் கிகர் உண்டா"ன்னுதான் கேக்குறாங்க. எங்க சொந்தத்துலயே ஒரு பொண்ணுக்கு, அப்பன் ஊசி போடுறான்னு எவனோ வத்தி வச்சு, பேசி முடிச்ச எடம் தட்டிப்போச்சு. என் மகளுக்கு அப்படி ஆகலாமா? எல்லாம் அவளுக்காகத்தான் சார். மாத்திரைய வெந்தய டப்பாவுக்குள்ள போட்டு வைன்னு வடிவுகிட்டச் சொல்லிட்டேன். டப்பாவத் தெறந்தா மேல வெந்தயம், அடியில மாத்திரை.

மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை. ஒரு நா ஷிப்டு மாறுற நேரம், ஏழெட்டுப் பேரு நிக்கிறானுக. ஒருத்தன் கேட்டான், "என்ன மகாலிங்கண்ணே, ஆளே பாதியாயிட்டீங்க. சுகரா?" பச்சையாக் கேப்பானுக சார் நம்மாளுக.

"சுகரா? எனக்கா? போடா. வீட்டுலயே பயிற்சி பண்றேன்"னேன்.

"என்ன பயிற்சிண்ணே?"

மாட்டிக்கிட்டேன். கடை வாசல்ல காலி கலர் பாட்டில் கெடந்துச்சு, ரெண்டு லிட்டர் பாட்டிலு. "ரெண்டு பாட்டில்ல மணல் ரொப்பி, கைக்கு ஒண்ணாத் தூக்குறேன்"னேன். எதுத்த பஞ்சர் கடையில பழைய டியூப் தொங்குது. "சைக்கிள் டியூப ஜன்னக் கம்பியில கட்டி இழுக்கேன்"னேன். சுவரு தெரிஞ்சுச்சு, சுவத்தத் தள்ளுறேன்னேன். பெஞ்சு தெரிஞ்சுச்சு, பெஞ்சுல உக்காந்து உக்காந்து எந்திரிக்கேன்னேன். மாடிப்படி இருவது தடவ ஏறி எறங்குறேன்னேன். கண்ணுல பட்டதெல்லாம் பயிற்சியாயிருச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா டீ பாய்லரையும் தூக்குறேன்னு சொல்லியிருப்பேன்.

அதோட விட்டானுகளா? "ஜிம்முல மாசம் ஆயிரத்தைந்நூறு கேக்கான், இது அஞ்சு காசு செலவில்லாத வேல, எங்களுக்கும் சொல்லிக்குடுங்கண்ணே"ன்னு பிடிச்சுக்கிட்டானுக. மில்லுக்காரங்க குடியிருக்குற லைன் வீட்டு மொட்ட மாடியில சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்கன்னுட்டேன். வேற என்ன சொல்ல? அன்னைக்கு மத்தியானம் ஆபீஸ்ல உக்காந்து போன்ல வீடியோ பாத்துத்தான் சார் நானே கத்துக்கிட்டேன். இத்தனைக்கும் அதுக்கு முன்னாடி நான் பண்ணுன ஒரே பயிற்சி வருகைப் பதிவேட்டத் தூக்குறதுதான்.

மொத நாள் எட்டுப் பேரு. ஒரே மாசத்துல இருவத்தி மூணு. ஆளுக்கு ரெண்டு பாட்டில் மணல், ஒரு டியூபு. பஞ்சர் கடைக்காரன் டியூபுக்குக் கிராக்கி ஆயிருச்சுன்னு சிரிக்கிறான். எனக்கு நடுவுல கை காலெல்லாம் நடுங்கும், மாத்திரை போட்டுட்டு ஆட்டம் போட்டா சுகரு கடகடன்னு எறங்கும்ல. பைக்குள்ள ஆரஞ்சு மிட்டாய் வச்சிருப்பேன். "தொண்ட கட்டியிருக்கு"ன்னுட்டு ஒண்ண வாயில போட்டுக்கிட்டு, "ம், அடுத்த பத்து"ம்பேன்.

பிடிச்சிருந்துச்சு சார். அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். பேலுன்னு கூப்பிட்டவன் மாஸ்டர்னு கூப்பிடுறான். பொங்கல் விழாவுல மேனேஜரே மேடைக்கு வரச்சொல்லி சால்வ போட்டாரு. "மருந்து மாத்திரை இல்லாம, பைசாச் செலவில்லாம, வீட்டுலயே உடம்பக் குறைக்கலாம்னு நிரூபிச்சவர்"னு மைக்குல சொன்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கீழ உக்காந்திருந்த வடிவு என்னையப் பாக்கவே இல்ல, தரையப் பாத்துக்கிட்டு இருந்தா.

தவசிய இன்னும் சொல்லலையே. தவசிலிங்கம். லோடு செக்சன். பேல முதுகுல ஏத்தி லாரியில அடுக்குறவன். நாப்பத்தாறு வயசு, நூத்தி நாலு கிலோ. நல்ல மனுசன் சார், வெள்ளந்தி. அவனுக்கு அஞ்சு வருசமா சுகர். அவன் மறைக்க மாட்டான். "எனக்குச் சக்கர வியாதி இருக்குப்பா, டீயில சீனியக் கொட்டிராத"ன்னு கடை வாசல்ல நின்னு கத்துவான். மாசாமாசம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வரிசையில நின்னு மாத்திரை வாங்கிட்டு வருவான். எனக்கு அவனப் பாத்தா அப்ப எரிச்சலா வரும். இதப் போயி ஊருக்கே தண்டோரா போடுறானேன்னு.

கார்த்திகை மாசம் வந்து சேந்தான். மொத நாளு, எல்லாரும் நிக்கும்போதே கேட்டான். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. நெசமாச் சொல்லுங்க. நீங்க இதுக்கு ஏதும் மாத்திரை எடுத்தீங்களா?"

சுத்தி இருவது பேரு. அதுல ஒருத்தன், மாடசாமின்னு, நாங்க கீர்த்தனாவுக்குப் பேசிக்கிட்டிருந்த மாப்பிள்ள வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அவன் என் வாயையே பாக்கான்.

"ஒரு மாத்திரகூட இல்ல தவசி"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "மாத்திரையெல்லாம் சோம்பேறிக்கு"ன்னு சேத்துச் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனானுக.

தவசி அன்னைக்கே வீட்டுக்குப் போயி, இருந்த மாத்திரையெல்லாம் சாக்கடையில கொட்டிட்டான். அப்புறம் அவன் வீட்டுக்காரி பேச்சியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் சார், நிறுத்தப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நான் என்ன, நிறுத்துன்னா சொன்னேன்? சொல்லல. நல்லா யோசிச்சுப் பாருங்க, நிறுத்துன்னு நான் சொல்லவே இல்ல. வடிவுகிட்ட இதச் சொன்னேன். "பெறகு வேற என்ன சொன்னீங்க"ன்னு ஒரே கேள்விதான் கேட்டா.

அவன் மாதிரி பயிற்சி பண்ண ஆளு கெடையாது சார். நான் முப்பதுன்னா அவன் அம்பது போடுவான். வேல நாளு, லீவு நாளு பாக்க மாட்டான். மழ வந்தா வீட்டுக்குள்ள டியூபக் கட்டிக்கிட்டு இழுப்பானாம். மாசிக்குள்ள நூத்தி நாலு எண்பத்தெட்டு ஆயிருச்சு. ஊரே ஆச்சரியப்பட்டுச்சு. "மாஸ்டரு தவசியவே உருக்கிட்டாரு"ன்னு பேச்சு. எனக்குப் பெருமையோ பெருமை. அவனப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ எடுத்து மில்லு குரூப்புல போட்டேன்.

அப்புறம் ஒரு நா கவனிச்சேன். ஒரு மணி நேரத்துல மூணு தடவ கீழ எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு வாரான். தண்ணி பாட்டில கீழ வைக்கல. கன்னம் ஒட்டிக் கெடக்கு. ஒதடு காஞ்சு வெடிச்சிருக்கு. மத்தவனுக அத இளைப்புன்னு நெனைச்சானுக. எனக்குத் தெரியும் சார். அந்தத் தாகம் எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ள ஒரு பானையத் தெறந்து விட்ட மாதிரி போய்க்கிட்டே இருக்கும், எம்புட்டுக் குடிச்சாலும் அடங்காது. ஆடி மாசம் பூரா நான் குடிச்ச தண்ணிதான அது.

அன்னைக்கே கூப்பிட்டு, "டேய் தவசி, போயி ரத்தம் சோதிச்சுப் பாரு"ன்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்? என் கதையச் சொல்லக்கூட வேணாம், அத மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னா, "ஏண்ணே, நீங்கதான மாத்திர வேணாம்னீங்க"ம்பான். மாடசாமி பக்கத்துலயே நிப்பான். அந்த வாரம் வெள்ளிக்கெழம மாப்பிள்ள வீட்டுல பூ வைக்க வாராங்க. ஒரு வாரம் போகட்டும்னு நெனைச்சேன்.

வடிவும் அவன ரேசன் கடையில பாத்திருக்கா. வந்தவொடனே, "அந்தத் தவசியண்ணன் மொகமே சரியில்ல. நீங்க இருந்த மாதிரியே இருக்காக. போயிச் சொல்லிருங்க"ன்னா.

"பூ வச்சு முடியட்டும்"னேன்.

"அதுக்குள்ள அவுகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒரு வாரத்துல என்னடி ஆயிரும்"னேன்.

பூ வைக்க வந்தாங்க. நல்ல மனுசங்க. மாப்பிள்ளையோட அப்பா, ரிட்டையர்டு தபால்காரரு, நடுக்கூடத்துல உக்காந்தாரு. கீர்த்தனா காப்பித் தட்டோட வந்துச்சு. அவரு ஒரு டம்ளர எடுத்து மோந்து பாத்துட்டு, "சீனி போட்டிருக்கா தாயி? எனக்குச் சீனியில்லாம ஒண்ணு கொண்டாம்மா. பதினஞ்சு வருசமா சுகரு, எங்க வீட்டுல எனக்கும் என் சம்சாரத்துக்கும் ரெண்டு பேருக்கும் உண்டு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு சார். எங்கிட்டத் திரும்பி, "சம்பந்திக்கு எப்படி?"ன்னாரு.

அந்த எடத்துல சொல்லியிருக்கலாம். "எனக்கும் ஒண்ணு சீனியில்லாம"ன்னு சொன்னா முடிஞ்சுச்சு. ஆனா தரகருகிட்ட எங்க பரம்பரைக்கே கெடையாதுன்னு அதுக்கு முன்னாடியே சொல்லியாச்சே. இப்ப மாத்திப் பேசுனா சுகர விடப் பொய்தான பெருசாத் தெரியும்? "நமக்கு அதெல்லாம் இல்ல சம்பந்தி, பயிற்சி"ன்னு சொல்லிட்டு, டம்ளர எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சேன். ரெண்டு கரண்டிச் சீனி. உள்ள அடுப்படியில வடிவு ஏதோ ஏனத்தப் போட்டு ஒடைச்சா.

பூ வச்சு முடிஞ்சுச்சு. பெறகாவது சொன்னேனான்னு கேக்கீங்க. சொல்லல. கல்யாணம் முடியட்டும்னு தோணிருச்சு. ஆவணியில தேதி.

பங்குனிக் கடைசியில தவசிக்குக் கால்ல அடிபட்டுச்சு. மாடிப்படி ஏறி எறங்கும்போது செருப்பு போடக் கூடாதுன்னு ஒரு சட்டம் வச்சிருந்தேன். யாரு சொல்லி வச்சேன்? யாரும் சொல்லல. மாஸ்டர்னா ஏதாவது சட்டம் வேணும்ல, வச்சேன். படியோட முனை பேந்து கெடந்துச்சு, பெருவெரலக் கிழிச்சிருச்சு. அவனுக்கு வலிக்கக்கூட இல்ல. ரத்தத்தப் பாத்துட்டு நான்தான் சொன்னேன், அவன் குனிஞ்சு பாத்து "அட"ன்னான். மஞ்சப் பத்தப் போட்டுக்கிட்டு மறுநாளும் வந்துட்டான். பதினஞ்சு நாளு. வெரலு கறுத்து, வாட வர ஆரம்பிச்சப்புறம்தான் பேச்சியம்மா இழுத்துக்கிட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கு. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க சார். பாதம் நிக்குமான்னு இன்னும் பத்து நாள் பாத்துத்தான் சொல்லணுமாம். பேலு தூக்குறவனுக்குக் கால் இல்லேன்னா என்ன இருக்கு, சொல்லுங்க.

திருமங்கலம் வந்துருச்சா. தண்ணி குடிக்கீங்களா? வேணாமா. சரி.

இன்னைக்குக் காலைல வடிவு இட்லி எடுத்து வைக்கல. வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "இன்னைக்குப் போயிச் சொல்லிருங்க. என் மக கல்யாணம் நின்னாலும் சரி. சொல்லாம இந்த வீட்டுப் படி ஏறாதீங்க"ன்னுட்டா. முப்பது வருசத்துல அவ எங்கிட்ட அப்படிப் பேசுனதில்ல. நானும் சொல்லத்தான் சார் வந்தேன். சத்தியமா. பஸ்ஸு பூரா ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். 'தவசி, எனக்கும் சுகருடா. நான் இளைச்சது பயிற்சியால இல்ல. நான் தெனம் நாலு மாத்திர போடுறேன்.' அம்புட்டுதான். மூணே வாக்கியம்.

வார்டுல போயி நின்னேன். என்னையப் பாத்தவொடனே எந்திரிச்சு உக்காரப் பாக்கான் சார், அந்தக் காலோட. "வாங்க மாஸ்டர்"ங்கான். பக்கத்துக் கட்டில்காரன்கிட்ட, "இவருதான் நான் சொன்ன அண்ணன். ஒரு மாத்திர இல்லாம உடம்பக் கொறைச்சவரு"ங்கான். அந்தாளு என்னையக் கும்பிடுறான். பேச்சியம்மா முக்காலிய இழுத்துப் போட்டு, ஆரஞ்சப் பழத்த உரிச்சு என் கையில குடுக்கு. அது மேல எனக்குக் கோவமா வந்துச்சு. என்னைய நாலு திட்டு திட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

பேச்சியம்மா மருந்துச் சீட்டோட வெளிய போனதும் தவசி என் கையப் பிடிச்சுக்கிட்டான். கை சில்லுன்னு இருந்துச்சு. மெதுவாக் கேட்டான், "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியேதான பண்ணேன். உங்களுக்குச் சரியா வந்துச்சு, எனக்கு ஏன் வரல? நான் எங்கண்ணே தப்புப் பண்ணேன்?"

சார், இதவிட நல்ல எடம் ஒருத்தனுக்கு அமையுமா? பக்கத்துல ஆளில்ல. அவனே கேக்கான். மூணு வாக்கியமும் மனப்பாடமா இருக்கு. நான் வாயத் தெறந்தேன். "இடையில எங்கயாவது நாள் விட்டிருப்ப தவசி"ன்னேன்.

எனக்கே தெரியல சார், அது எங்கருந்து வந்துச்சுன்னு.

அவன் கோவிச்சுக்கல. இல்லண்ணேன்னு சொல்லல. கண்ண மூடிக்கிட்டு யோசிச்சான். அப்புறம், "ஆமாண்ணே. பங்குனிப் பொங்கலுக்கு மாமியா ஊரு விருதுநகருக்குப் போயிருந்தோம்ல, அங்க ரெண்டு நாள் பண்ணல. அதான். அதான் இப்படி ஆயிருச்சு"ன்னான். கண்ணுல இருந்து தண்ணியாக் கொட்டுது அவனுக்கு. "மன்னிச்சிருங்கண்ணே, உங்க பேரக் கெடுத்துட்டேன். வீட்டுக்கு வந்தவொடனே இந்த ஊசி மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மொதல்ல இருந்து ஒரு நாள் விடாமப் பண்ணிருவேன்"னான்.

எங்கிட்ட மன்னிப்புக் கேக்கான் சார் அவன். நான் அவன் தோளத் தட்டிக் குடுத்து, "பரவால்ல தவசி, விடு"ன்னு மன்னிச்சு விட்டுட்டு வாரேன்.